2,400 இருக்கை என்று சொன்ன ஆலோசகர்: நியூயார்க் பில்ஹார்மோனிக் ஹால், ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் ஒலியியல் ஆலோசனை அலுவலகத்தில் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரிடமும் முதல் வாரத்திலேயே இரண்டு தரைப் படங்களைக் கொடுப்பேன். இரண்டும் நான் கையால் வரைந்தவை. ஒன்று தீப்பெட்டி மாதிரி நீளமான செவ்வகம். இன்னொன்றில் பக்கச் சுவர்கள் வயிறு தள்ளியதுபோல் வெளியே வளைந்திருக்கும். "முதல் படம் இரண்டாவது படமாக மாறிவிட்டது. இப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பேன். கெட்டிக்காரப் பிள்ளைகள் உடனே கன அளவு எவ்வளவு கூடியது, எதிர்முழக்க நேரம் (ஒலி நின்ற பிறகும் அறைக்குள் அதன் முழக்கம் நீடிக்கும் நேரம்) எவ்வளவு மாறும் என்று கணக்கில் இறங்கிவிடுவார்கள். இத்தனை வருடத்தில் ஒரே ஒரு பெண்தான், "இந்த மாற்றத்தை யார் சொன்னாங்க சார், எப்போ சொன்னாங்க?" என்று திருப்பிக் கேட்டார்.

அந்த இரண்டு படங்களும் நியூயார்க்கின் கலை வளாகமான லிங்கன் சென்டரில் 1962 செப்டம்பர் 23 அன்று திறக்கப்பட்ட பில்ஹார்மோனிக் ஹால் என்ற இசை அரங்கின் கதை. ஒலியியல் ஆலோசகர்கள் நடுவில் இதைவிட அதிகமாகப் பேசப்பட்ட தோல்வி இல்லை. பாடப் புத்தகங்கள் இதை ஒலியின் நடத்தைக்கு உதாரணமாகச் சொல்கின்றன. எனக்கு இது, ஓர் ஆலோசகர் எந்தக் கட்டத்தில் எதைப் பேச வேண்டும் என்பதற்கான வழக்கு. இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்கள் மென்பொருள் கற்பதற்கு முன்னால் இதைப் படிக்க வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

ஆலோசகர்

அந்த அரங்கின் ஒலிக்கு ஆலோசகரான லியோ பெரானெக் 1914-இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் சோலன் என்ற சிற்றூரில் பிறந்தவர். ரேடியோ பழுதுபார்த்துக் காசு சேர்த்துக் கல்லூரிக்குப் போனார். ஒரு நாள் சாலையில் டயர் பஞ்சராகி நின்ற ஒருவருக்கு உதவப் போனார். அந்த மனிதர் ரேடியோ பொறியியலில் எழுதுகிறவராக இருந்தார். ஹார்வர்டுக்கு விண்ணப்பம் போடு என்றார். 1940-இல் பெரானெக் அங்கே முனைவர் பட்டம் வாங்கினார். உலகப் போரின்போது ஹார்வர்டில் ஒலியாய்வுக் கூடம் ஒன்றை நடத்தினார். எதிரொலியே இல்லாத பெரிய சோதனை அறை ஒன்றை அங்கே கட்டினார். 1948-இல் எம்ஐடி பேராசிரியர் ரிச்சர்ட் போல்ட்டுடன் சேர்ந்து ஆலோசனை நிறுவனம் தொடங்கினார். பிறகு ராபர்ட் நியூமனும் சேர, அது போல்ட், பெரானெக் அண்ட் நியூமன் ஆனது, சுருக்கமாக பிபிஎன். முதல் பெரிய வேலையே நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தின் ஒலியமைப்பு.

அந்த நிறுவனம் இசை அரங்குகளை நம்பிப் பிழைக்கவில்லை. 1950-களின் கடைசியில் ஜெட் விமானங்கள் நியூயார்க்கில் இறங்க வந்தபோது, ஊர்க்காரர்கள் காதுக்கு எவ்வளவு சத்தம் பொறுக்கும் என்று அளந்து விமான நிலைய நிர்வாகத்துக்குச் சொன்னதும் அவர்கள்தான். ஆலோசகராக வர விரும்பும் பிள்ளைகளுக்கு இதை நான் அழுத்திச் சொல்வது உண்டு. இசை அரங்கம் என்பது நம் வேலையில் திருவிழா மாதிரி, எப்போதாவது வரும். அன்றாடச் சோறு போடுவது ஜெனரேட்டர் கூண்டு, ஏ.சி.க்குக் குளிர்நீர் தரும் சில்லர், அடுக்குமாடிச் சுவர், கூட்ட அறை, சினிமா அரங்கு. நம் நாட்டில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. டீசல் ஜெனரேட்டர் கூண்டிலிருந்து ஒரு மீட்டரில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது. இந்த மூன்று எண்களைச் சுற்றித்தான் என் முதல் ஐந்து வருடம் கழிந்தது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு மொட்டை மாடியில் மீட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் கேட்கக் கற்றுக்கொண்டேன்.

சரி, பெரானெக்குக்கு வருவோம். பில்ஹார்மோனிக் ஹாலுக்குத் தயாராக அவர் செய்ததைப் பாருங்கள். உலகம் முழுக்க 54 அரங்குகளை ஆராய்ந்தார். இசைக்குழு நடத்துநர்களையும் இசை விமர்சகர்களையும் உட்காரவைத்து, எந்த அரங்கில் இசை நன்றாக இருக்கிறது, ஏன் என்று கேட்டார். பார்வையாளர்கள் ஒலியை உறிஞ்சுவது தலைக்கணக்கில் அல்ல, அவர்கள் உட்கார்ந்திருக்கும் பரப்பின் கணக்கில் என்று 1960-லேயே எழுதினார். இது சிறிய விஷயம் இல்லை. பாஸ்டன் சிம்பனி ஹாலில் 2,600-க்கு மேல் இருக்கைகள் உண்டு, அதன் ஒலி உலகப் புகழ். அப்படியானால் நியூயார்க்கில் மட்டும் ஏன் கூடாது? 1900-இல் கட்டிய பாஸ்டன் அரங்கின் நாற்காலிகள் குறுகலானவை, முழங்கால் இடிக்க நெருக்கிப் போட்டவை. 1960-களின் மனிதருக்கு அகலமான மெத்தை நாற்காலி வேண்டும். அதே எண்ணிக்கைக்கு அதிகப் பரப்பு, அதிக உறிஞ்சல். இதையெல்லாம் கணக்கில் வைத்துத்தான் அவர், பாஸ்டன் மாதிரி தீப்பெட்டி வடிவம், சுமார் 2,400 இருக்கை என்று பரிந்துரைத்தார். நிர்வாகமும் முதலில் ஒப்புக்கொண்டது.

தயாரிப்பில் குறை இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. என் வழக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

படம் மாறிய நாள்

நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழு அதுவரை கார்னகி ஹாலில் வாசித்து வந்தது. அங்கே சுமார் 2,800 பேர் உட்காரலாம். புதிய அரங்கின் வடிவமைப்பு முடியும் தறுவாயில், நியூயார்க் ஹெரால்டு டிரிப்யூன் நாளிதழ் இருக்கைகளைக் கூட்டச் சொல்லி ஓர் இயக்கமே நடத்தியது. நிர்வாகம் இறங்கி வந்தது. கட்டடக் கலைஞர் மாக்ஸ் அப்ரமோவிட்ஸின் படத்தில் பக்கச் சுவர்கள் வெளியே வளைந்தன. இருக்கை எண்ணிக்கை 2,600-ஐத் தாண்டியது.

பிபிஎன் ஆட்கள் நிர்வாகத்திடம் சொன்னார்கள்: அரங்கு நாங்கள் முதலில் நினைத்ததுபோல் ஒலிக்காது, மாறுதலாக ஒலிக்கும், ஆனால் எப்படி மாறும் என்று எங்களால் சொல்ல முடியாது.

இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் நான் நின்றுவிடுவேன். அவர்கள் பொய் சொல்லவில்லை, மறைக்கவில்லை. அன்றைக்கு இருந்த அறிவில் அதைவிட நேர்மையாகப் பேச முடியாது. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் காதில் அது எப்படி விழும்? பணம், பத்திரிகை, திறப்பு விழாத் தேதி என்று நூறு கவலை அவருக்கு. "மாறுதலாக இருக்கும்" என்றால் அவர் மனதில் "பரவாயில்லை, சமாளிப்பார்கள்" என்றுதான் பதியும். ஆலோசகர் தொடர்ந்து வேலைக்கு வருகிறார், அடுத்த கூட்டத்திலும் உட்காருகிறார். அது போதும், அவர் சம்மதித்துவிட்டார் என்று எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். "சொல்ல முடியாது" என்ற வார்த்தைக்குப் பின்னால் "ஆகவே, சொல்ல முடிகிற வரை கட்டாதீர்கள்" என்ற வார்த்தை வந்தாக வேண்டும். ஒரு சின்ன அளவு மாதிரி செய்து பார்க்க ஆறு மாதம் வேண்டும் என்றோ, இல்லையென்றால் இந்த வேலையில் என் பெயர் வேண்டாம் என்றோ சொல்லும் கட்டம் அது.

அகலம் கூடியதால் பக்கச் சுவரிலிருந்து திரும்பும் ஒலி தாமதமாகும். மேடையிலிருந்து நேராக வரும் ஒலிக்கும் முதலில் திரும்பி வரும் ஒலிக்கும் நடுவே 20 மில்லி நொடிக்குள் இருந்தால் இசை நம் அருகில் இருப்பதுபோல் தோன்றும் என்பது பெரானெக்கின் 54 அரங்க ஆராய்ச்சி சொன்ன முக்கியமான முடிவு. அந்த இடைவெளியைக் குறைக்கத்தான் உத்தரத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட பலகைகள் தொங்கவிடப்பட்டன. மேகங்கள் என்று அவற்றுக்குப் பெயர். 1959-இல் மாசசூசெட்ஸில் டாங்கிள்வுட் என்ற இடத்து இசைக் கொட்டகையின் மேடைக்கு மேல் இதேபோன்ற பலகைகளைத் தொங்கவிட்டு அவர் நல்ல பெயர் வாங்கியிருந்தார். ஓரிடத்தில் கைகொடுத்த வைத்தியத்தை இன்னோர் இடத்துக்கு நம்பிக்கையோடு எடுத்துப் போவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம்.

காதில் கேட்டது

1962 கோடையில் அரங்கில் ஒரு வாரம் இசைக்குழுவை வைத்துச் சோதனை நடந்தது. செப்டம்பரில் லியோனார்டு பெர்ன்ஸ்டைன் இசைக்குழுவை நடத்த, அரங்கம் திறந்தது. குறைகள் உடனே வந்தன. தாழ்ந்த ஒலி எழுப்பும் செல்லோ, டபுள் பாஸ் கலைஞர்கள் வில்லை இழுப்பது தெரிகிறது, ஒலி வந்து சேரவில்லை. பின்சுவரிலிருந்து எதிரொலி. மேடையில் ஒருவர் வாசிப்பது அடுத்தவருக்குக் கேட்கவில்லை.

ஏன்? 100 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர். அதைத் திருப்பி அனுப்ப, பலகை அந்த அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். சின்னப் பலகைகளை இடைவெளி விட்டுத் தொங்கவிட்டால் வயலினின் கீச்சொலி பட்டுத் திரும்பும். டபுள் பாஸின் அலை சந்துகளில் நுழைந்து மேலே போய்விடும். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த மான்ஃபிரெட் ஷ்ரோடர் குழு கணினியை வைத்து அரங்கை அளந்தபோது, மேகங்களிலிருந்து தாழ்ந்த ஒலி மிகக் குறைவாகவே திரும்புகிறது என்று தெரிந்தது.

அதைவிட எனக்கு வியப்பான இன்னொன்று நாற்காலி வரிசைகளில் இருந்தது. மேடையிலிருந்து ஒலி தவழ்ந்தபடி தலைகளுக்கும் நாற்காலி முதுகுகளுக்கும் மேலே வரும்போது, வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே உள்ள பள்ளங்கள் தாழ்ந்த அதிர்வெண்களைப் பிடித்து விழுங்கிவிடுகின்றன. முக்கியமாக 150 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை. இது எல்லா அரங்கிலும் நடப்பதுதான். நல்ல அரங்கில் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் வரும் ஒலி அந்தக் குறையை நிரப்பிவிடும், நமக்குத் தெரியாது. இங்கே நிரப்ப ஆள் இல்லாததால் அது வெட்டவெளிச்சமானது. 1964-இல் இதை இரண்டு குழுக்கள் தனித்தனியாக எழுதி வெளியிட்டன. ஒரு குழு பெல் ஆய்வகத்தின் செஸ்லரும் வெஸ்ட்டும். இன்று கைபேசிகளில் இருக்கும் மைக்குக்கு முன்னோடியான எலக்ட்ரெட் மைக்கைக் கண்டுபிடித்த அதே இருவர். இன்னொரு குழு பிபிஎன் நிறுவனத்தின் ஷுல்ட்ஸும் வாட்டர்ஸும். ஊரே திட்டிக்கொண்டிருந்த நேரத்தில் தங்கள் சொந்த அலுவலகத்தின் தோல்வியை அளந்து எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டார்கள். அந்த மனிதர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நெகிழும்.

பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி எவ்வளவு முக்கியம் என்பதை 1967-இல் நியூசிலாந்தைச் சேர்ந்த ஹெரால்டு மார்ஷல் எழுதினார். அதாவது, தீப்பெட்டி ஏன் நன்றாக ஒலிக்கிறது என்பதன் முழுக் காரணம் 1962-இல் யார் கையிலும் இல்லை. காரணம் தெரியாமலே சரியான வடிவத்தைச் சொன்னார் பெரானெக். வடிவத்தைக் கைவிட்டபோது எதை இழக்கிறோம் என்று சொல்ல அவரிடம் அறிவியல் இல்லை. அனுபவத்தில் நல்லது என்று தெரிந்த ஒன்றை, காரணம் சொல்ல முடியவில்லை என்பதற்காக விட்டுக்கொடுக்காதீர்கள்.

என் அரங்கம்

நான் இதை வெளியே நின்று பேசவில்லை. பல வருடம் முன்பு ஒரு கல்லூரி அரங்கத்துக்கு ஆலோசகராக இருந்தேன். உள்கூரை 9 மீட்டர் உயரம் என்று வைத்து அறிக்கை கொடுத்திருந்தேன். எட்டு மாதம் கழித்து தளத்துக்குப் போனால், ஜிப்சம் கூரைக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். சாரத்தில் ஏறி டேப்பை இறக்கினேன். ஏழரை மீட்டர்தான் இருந்தது. "ஏ.சி. டக்ட் போக இடம் வேணும் சார், அதான் இறக்கிட்டோம். உங்களுக்கு டிராயிங் அனுப்பினோமே" என்றார் தளப் பொறியாளர். உண்மைதான். நாற்பது தாள் கொண்ட ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. தரைப் படத்தைப் பார்த்தேன், உயரத்தைக் காட்டும் வெட்டுத் தோற்றத்தைத் திறக்கவில்லை.

அன்று நான் செய்த பெரிய தவறு அதற்குப் பிறகு வந்தது. "ஒலியை உறிஞ்சும் பேனல்களைக் குறைத்துச் சரிசெய்துவிடலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அவமானமாக இருந்தது, திறப்பு விழாத் தேதி அச்சாகியிருந்தது, கட்டடக் கலைஞர் எனக்கு வேண்டியவர். இன்று அந்த அரங்கில் பேச்சு தெளிவாகக் கேட்கும். ஆனால் மைக் இல்லாமல் ஒரு வீணையை வாசித்தால் ஈரமே இல்லாமல், ஒட்டாமல் நிற்கும். ஒவ்வோர் ஆண்டு விழாவுக்கும் பிள்ளைகள் அங்கே பாடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு என் ஒப்பந்தத்தில் ஒரு பத்தி சேர்ந்தது. உயரம், அகலம், கன அளவு, இருக்கை எண்ணிக்கை, உள்பூச்சுப் பொருள் ஆகிய ஐந்தில் எது மாறினாலும் முந்தைய அறிக்கை செல்லாது. மறுகணக்குக்குத் தனிக் கட்டணம், தனி அவகாசம். மாற்றம் வந்தால் அன்றே ஒரு கடிதம் போகும்: "அரங்கின் அகலம் கூட்டப்பட்டதால் எங்கள் அறிக்கையின் மூன்றாம், நான்காம் பகுதிகள் இனிப் பொருந்தாது. புதிதாகக் கணக்கிட நான்கு வாரம் தேவை. அதுவரை பக்கச் சுவர் வேலையை நிறுத்திவைக்கக் கேட்டுக்கொள்கிறோம்." கடைசி வரிதான் உயிர். அந்த வரி இல்லாத கடிதம் கோப்பில் தூங்கும். இந்தக் கடிதத்தைக் கட்டடக் கலைஞருக்கு மட்டும் அனுப்பாமல் பணம் போடுகிறவருக்கும் நகல் அனுப்புவேன். நம் ஊரில் பெரும்பாலும் கட்டடக் கலைஞர் வழியாகத்தான் நமக்கு வேலை வருகிறது, அவர் கோபப்படுவார் என்ற பயம் இருக்கும். நகல் போகும் என்று வேலை ஒப்புக்கொள்ளும்போதே சொல்லிவிட்டால் அந்தக் கோபம் பாதியாகும். இப்படிக் கேட்டதால் இரண்டு வேலை கைவிட்டுப் போயிருக்கிறது. சம்பளம் கொடுக்கத் திணறிய மாதங்கள் அவை. அப்படியும் அந்தப் பத்தியை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது

1963-இல் அரங்கைச் சரிசெய்ய வேறு நிபுணர்கள் அழைக்கப்பட்டார்கள். ஜெர்மனியின் ஹைன்ரிச் கைல்ஹோல்ட்ஸ், கலிபோர்னியாவின் வெர்ன் நூட்சன் போன்றவர்கள் அந்தக் குழுவில் இருந்தார்கள். மேகங்களின் இடைவெளியை அடைத்தார்கள், சுவர்களை மாற்றினார்கள். அறுபதுகள் முழுக்க ஒட்டுப் போடும் வேலை நடந்தது. 1976-இல் உள்ளே இருந்த அனைத்தையும் இடித்துவிட்டு சிரில் ஹாரிஸ் புதிதாகக் கட்டினார். அதுவும் முழுத் திருப்தி தரவில்லை. 2022 அக்டோபரில், சுமார் 55 கோடி டாலர் செலவில் மறுபடி உள்ளே குடைந்து கட்டித் திறந்தார்கள்; இப்போது அதன் பெயர் டேவிட் கெஃபன் ஹால். 2,738-ஆக இருந்த இருக்கைகளைச் சுமார் 2,200-ஆகக் குறைத்தார்கள். 2,400-க்கும் கீழே.

பெரானெக்கின் பெயர் அடிபட்டது. செய்தித்தாள்கள் எழுதியது இருக்கை கேட்டவர்களைப் பற்றி அல்ல, ஒலிக்குப் பொறுப்பானவரைப் பற்றி. நம் தொழிலில் இது எப்போதும் இப்படித்தான், வருகிறவர்கள் மனதைத் தயார்செய்துகொண்டு வர வேண்டும். ஆனால் நிறுவனம் சாயவில்லை. ஒரே வகை வேலையை நம்பி இருக்கவில்லை என்று முன்பே சொன்னேன் அல்லவா, அது இங்கே காப்பாற்றியது. மனிதர் எப்படிக் கேட்கிறார் என்று ஆராய்ந்துகொண்டிருந்த லிக்லைடரை பெரானெக் 1957-இல் வேலைக்கு எடுத்திருந்தார். அவர் கேட்டதற்காகக் கணினி வாங்கிக் கொடுத்தார். அந்தப் பாதையில் போய்த்தான் இணையத்துக்கு முன்னோடியான ஆர்பாநெட்டின் முதல் இணைப்புக் கருவிகளை 1969-இல் பிபிஎன் செய்து கொடுத்தது. ஒலியியல் படித்தவருக்கு வேறு கதவுகள் கிடையாது என்று பயப்படுகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்கிறேன். அளக்கவும், அலைகளைப் பிரித்துப் பார்க்கவும், மனிதக் காதைப் புரிந்துகொள்ளவும் தெரிந்தவருக்குக் கார்த் தொழிற்சாலையிலும், காது கேட்கும் கருவி செய்யும் இடத்திலும், கைபேசி நிறுவனத்திலும் வேலை இருக்கிறது.

பெரானெக் பிபிஎன் தலைமையை விட்டு, பாஸ்டனில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தை நடத்தப் போனார். அதே நேரத்தில் அரங்குகளைக் கேட்பதை நிறுத்தவில்லை. அறுபது வயதுக்கு மேலும் ஊர் ஊராகப் போய், எந்த அரங்கம் ஏன் நன்றாக இருக்கிறது என்று அளந்தார், எழுதினார், 1962-இல் தான் எழுதியதைத் திருத்தினார். 2016-இல் 102 வயதில் காலமாகும் வரை அந்த ஆர்வம் போகவில்லை.

டோக்கியோ ஓபரா சிட்டியின் இசை அரங்குக்கு ஆலோசகராக அவரை அழைத்தபோது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. தரை தீப்பெட்டிதான், ஆனால் கட்டடக் கலைஞர் மேலே பிரமிடு மாதிரி உயர்ந்து குவியும் கூரையைப் போட விரும்பினார். அப்படி ஒரு கூரைக்குக் கீழே யாரும் இசைக்குழுவைக் கேட்டதில்லை. மறுபடியும் அதே கேள்வி: இது எப்படி ஒலிக்கும்? இந்த முறை பத்தில் ஒரு பங்கு அளவில் அரங்கின் மாதிரியைக் கட்டினார்கள். அப்படிப்பட்ட மாதிரிக்குள் ஒலியைப் பத்து மடங்கு அதிர்வெண்ணில் எழுப்ப வேண்டும். சாதாரணக் காற்று அவ்வளவு உயர்ந்த ஒலியை உறிஞ்சிவிடும் என்பதால், நைட்ரஜனை நிரப்பி அளப்பது இத்துறையின் வழக்கம். மாதிரியில் அளப்பதும், கூரையின் சரிவுகளையும் சுவரின் மேடுபள்ளங்களையும் மாற்றுவதும், மறுபடி அளப்பதுமாக ஆண்டுக்கணக்கில் வேலை நடந்தது. 1997 செப்டம்பரில் அரங்கம் திறந்தது. இசைக்கலைஞர்கள் பாராட்டினார்கள். இருக்கைகள் 1,632.